மலை கணக்கில் வராது

வாகனத் திறன் மெய்ப்பிப்பு வாரியம் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இதை வாரியமே பலமுறை சொல்லியிருக்கிறது.

இவ்வளவு நீளப் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. உருளை ஆபீஸ் என்பார்கள். பெயர்க்காரணம் சுலபமானது. அங்கே ஒரு பெரிய கூடம் இருக்கிறது. கூடத்தின் தரையில் இரண்டு இரும்பு உருளைகள் பதிந்திருக்கின்றன. மின்சாரக் காரைக் கொண்டுவந்து அதன் சக்கரங்களை உருளைமேல் நிறுத்தி ஓட்டுவார்கள். சக்கரம் சுற்றும், உருளை சுற்றும், கார் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் இது எவ்வளவு தூரம் ஓடும் என்று அங்கேதான் முடிவாகும். கூடத்தில் காற்று இல்லை, மழை இல்லை, மேடு பள்ளம் இல்லை. குளிரும் இல்லை, புழுக்கமும் இல்லை. காருக்குள் ஹீட்டர் கிடையாது, பாட்டு கிடையாது, ஓட்டுகிற ஒருவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. இப்படிப்பட்ட உலகத்தில் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியதோ அந்த எண்ணைப் பெரிதாக அச்சடித்து முன்கண்ணாடியில் ஒட்டிவிடுவார்கள்.

சாவிக்காரரின் காரில் நானூறு என்று ஒட்டியிருந்தது.

சாவிக்காரர் என்பவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பூட்டு திறந்து, மாற்றுச்சாவி வெட்டிக் கொடுக்கும் மனிதர். வம்பு தும்புக்குப் போகாதவர். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. பூட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றால்தான் திறப்பார். சொந்தக்காரரின் மாமன், மச்சான் என்று யார் வந்து நின்றாலும் கை கட்டிக்கொள்வார். கார் பழையது, இன்னொருவரிடம் இருந்து கைமாறி வந்தது. ஆனால் எண் புதிது போலவே பளபளத்தது, ஏனென்றால் எண்ணுக்கு வயதாவதை வாரியம் அனுமதிப்பதில்லை.

அவர் மனைவி சினிமாத் தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவர். கூண்டுக்குள் உட்கார்ந்து ஊரையே சிரிக்கவைத்த வாய்க்காரி. அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த இயந்திரம் இருக்கும் ஆஸ்பத்திரி மலைக்கு மேலே, போக வர இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆரம்பத்தில் ஆஸ்பத்திரி வேன் வந்து ஏற்றிப்போய் இறக்கிவிட்டது. குளிர்காலம் தொடங்கிய வாரத்தில் வேன் வந்தது, ஆனால் கதவு திறக்கவில்லை.

"உங்க பேர எடுத்துட்டாங்க சார்," என்றார் வேன் ஓட்டுபவர். "வீட்டுல நானூறு நிக்குது, அப்புறம் எதுக்கு வேன்னு மேல கேட்டுட்டாங்க."

சாவிக்காரர் தலையை ஆட்டினார். நியாயம்தானே என்று அவருக்கே பட்டது. நானூறில் இருநூறு போனால் இருநூறு மிச்சம். அந்த மிச்சத்தில் மனைவியை எங்கேயாவது சுற்றிக்காட்டலாம் என்றுகூட நினைத்தார்.

மலைச்சாலையில் முதல் வளைவிலேயே அவருடைய கணக்கு தலைகீழானது. கார் ஒரு கிலோமீட்டர் ஏறினால் காரின் திரையில் மிச்சத் தூரம் மூன்று குறைந்தது. இறக்கத்தில் கொஞ்சம் திரும்பி வரும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது. கடன் வாங்கிப்போன பக்கத்து வீட்டுக்காரர் திருப்பித் தரும் சர்க்கரை அளவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சார்ஜ் கம்பம் இருந்தது, ஆனால் அதற்குச் சிவப்பு நாடா கட்டியிருந்தது. திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதர் தேதி கொடுக்கவில்லை. அவருடைய காரும் மலை ஏறாது என்று காவலாளி காதோடு சொன்னார்.

டயாலிசிஸ் முடிந்து வரும்போது மனைவிக்கு நடுக்கம் எடுக்கும். வெளிக்குளிர் அல்ல, உள்ளே எலும்பில் இருந்து கிளம்பும் குளிர். அன்று சாவிக்காரர் ஹீட்டரைப் போட்டார். கார் கதகதப்பானது, மனைவி கண் அயர்ந்தார், திரையில் எண் விறுவிறுவென்று இறங்கியது. ஊர் எல்லையைத் தொட்டதும் கார் நின்றது. நின்ற இடம் ஒரு பெட்ரோல் பங்க் வாசல். பங்க் ஆட்கள் சிரிக்காமல் தள்ளிக் கொடுத்தார்கள், அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

அடுத்த முறையிலிருந்து ஹீட்டர் இல்லை. இரண்டு கம்பளி, ஒரு வெந்நீர்ப் பை. மனைவி முன்சீட்டில் சுருண்டு உட்கார்ந்திருப்பார். பற்கள் தந்தியடிக்கும்.

"ஏங்க, என் பல்லுச் சத்தம் தொந்தரவா இருக்கா?"

"இல்லம்மா."

"ரேடியோதான் போடக்கூடாதுன்னுட்டீங்க. இதையாவது கேட்டுக்கிட்டு வாங்க."

சாவிக்காரர் சிரிக்க முயன்றார். அவருக்கு அழுகைதான் வந்தது. பக்கத்தில் விறைத்துக்கொண்டிருக்கும் மனைவி ஒரு பக்கம், விரலுக்கு எட்டும் தூரத்தில் ஹீட்டர் பொத்தான் இன்னொரு பக்கம். அதை அழுத்தினால் நடுவழியில் நிற்க வேண்டும், நின்றால் விறைப்பு இன்னும் கூடும். வாடகைக் கார் பார்க்கலாம் என்றால் அவையும் மின்சாரக் கார்களாக மாறிவிட்டன. முன்கண்ணாடியில் நானூறு, நானூற்றைம்பது என்று ஒட்டியிருந்த அந்தக் கார்க்காரர்கள், மலை என்ற சொல்லைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள்.

இனி பொறுப்பதில்லை என்று ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு உருளை ஆபீசுக்குப் போனார்.

குறைகேட்கும் அம்மா மிக இனிமையானவர். வெல்வெட் உறை போட்ட நாற்காலி, வெல்வெட் உறை போட்ட குரல். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"வண்டி நானூறு ஓடும் சார். நீங்கதான் பாதிலயே நிறுத்திடுறீங்க."

"நான் நிறுத்தலைங்க. அதுவா நிக்குது."

"எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க. சரி, ஒவ்வொண்ணா பாக்கலாம். எதிர்க்காத்து இருந்துச்சா?"

"மலைன்னா காத்து இருக்கும்ல."

"எங்ககிட்ட காத்து கிடையாது. அடுத்து, குளிர் எப்படி?"

"வெளிய தண்ணி உறையுதும்மா."

"வெளிய நடக்குறதுல வாரியம் தலையிடுறதில்ல சார். அது வானிலைக்காரங்க பாடு." அவர் பேனாவால் எதையோ அடித்தார். "வண்டியில எத்தனை பேர்?"

"நானும் என் வீட்டுக்காரியும்."

"விதிப்படி ஒருத்தர்தான்."

"அவளுக்குத்தாங்க டயாலிசிஸ். அவள விட்டுட்டு நான் மட்டும் போய் என்ன பண்றது?"

அம்மா பரிவோடு அவரைப் பார்த்தார். "நீங்க மட்டும் போனீங்கன்னா வண்டி தாராளமா போய்த் திரும்பும். பாத்தீங்களா, குறை வண்டியில இல்ல. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம். தப்பா எடுத்துக்காதீங்க, பொதுவாச் சொன்னேன்."

சாவிக்காரர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்படி எடுத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. வேனைத் திரும்ப விட வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதற்கு முன் அவர் ஓட்டுநர் திருத்த வகுப்பில் தேற வேண்டும் என்றார் அம்மா. தேறிவிட்டால் நானூறு வரும், நானூறு வந்தால் வேன் கேட்கும் அவசியம் வராது. அதனால் வகுப்பே போதும் என்று வாரியம் கருதுவதாகச் சொல்லி எழுந்து நின்று கை கூப்பினார்.

வகுப்பு எடுத்தவர் உருளை ஓட்டுநர். வாரியத்தின் பெருமை அவர்தான். நிலவுக்குப் போய்த் திரும்பும் தூரத்தை ஓட்டி முடித்தவர், கூடத்தின் வாசலைத் தாண்டி ஒரு அடி ஓட்டியதில்லை. வீட்டுக்குச் சைக்கிளில் போவார். அவர் உடம்பின் எடைதான் வாரியத்தின் அளவு எடை, ஆகையால் தினமும் காலையில் அவரை நிறுப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டதில்லை என்று அவர் சாவிக்காரரிடம் சொன்னார். சொல்லும்போது சாவிக்காரரின் டிபன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆக்சிலேட்டர எப்படி மிதிக்கணும்னா, தூங்குற கொழந்தைய எழுப்பாம தொடுற மாதிரி," என்று அவர் கற்பித்தார். "பிரேக்க மறந்துடணும். மூச்ச மெதுவா விடணும், இல்லைன்னா கண்ணாடி பூத்துப்போயிடும், அப்புறம் அத தொடைக்க மின்சாரம் ஆகும். எல்லாத்துக்கும் மேல, எங்க போறோம்ங்கிற நெனப்பு வரக்கூடாது. அந்த நெனப்பு வந்தாலே கால் அழுத்திடுது."

"எங்க போறோம்னு நெனைக்காம எப்படிங்க போறது?"

"அதான் சார் எனக்கும் புரியல. நான் எங்கயும் போனதில்லையே." அவர் கிண்டல் செய்யவில்லை. அந்த மனிதருக்குக் கிண்டல் வராது.

வகுப்பு நடந்த நாட்களில் ஒரு மதியம் தலைமை மெய்ப்பிப்பாளரிடமிருந்து ஆள் வந்தது. தலைமை மெய்ப்பிப்பாளர் என்றால் வாரியத்துக்கே தலை. அந்த எண்களின் கீழே இருக்கும் கையெழுத்து அவருடையது. ஐயா காருக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிவிட்டார், வந்து திறக்க வேண்டும் என்றார்கள். சாவிக்காரர் போனார். கூடத்துக்குப் பின்புறம், தார்ப்பாய் போட்டு மூடிய கொட்டகையில் ஒரு பழைய கனத்த பெட்ரோல் கார் நின்றது. தலைமை மெய்ப்பிப்பாளர் அதன் பக்கத்தில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"இது... என் மாமியார் வீடு மலைக்கு மேல இருக்கு," என்றார் அவர், கேட்காமலே. "குளிர்காலத்துல பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ரிஸ்க் எடுக்க முடியாது பாருங்க."

சொந்தக்காரர் பக்கத்தில் நின்றதால் சாவிக்காரர் திறந்தார். மாற்றுச்சாவியும் வெட்டிக் கொடுத்தார். தலைமை மெய்ப்பிப்பாளர் மனம் குளிர்ந்து, "எனக்கு மறதி ஜாஸ்தி. ஒண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும்," என்று ஒரு சாவியை அவரிடமே தந்தார். சாவிக்காரர் அதை இடுப்புக் கொத்தில் கோத்துக்கொண்டு, இதுதான் சமயம் என்று தன் குறையைச் சொன்னார். சந்தோஷத்தில் இருந்த பெரியவர் அதற்கும் தலையசைத்தார். உருளை ஓட்டுநரே கூட வந்து ஒரு முறை நேரில் பார்க்கட்டும் என்று உத்தரவானது.

அடுத்த டயாலிசிஸ் நாளில் உருளை ஓட்டுநர் பின்சீட்டில் ஏறினார். தெருவில் கால் கிலோமீட்டர் போவதற்குள் அவர் முன்சீட்டின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் முதன்முறையாக ஜன்னலுக்கு வெளியே இருந்தவை நகர்ந்தன.

"ரோட்டுல எதுக்கு சார் இத்தன பேர்?"

"அவங்களும் அப்படித்தான் உங்களப் பாத்துக் கேப்பாங்க," என்றார் மனைவி.

முதல் வளைவில் கதவுப் பிடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஏற்றம் தொடங்கியதும் திரையை எட்டிப் பார்த்தார். எண் விழுந்தது. காரில் ஏதோ கோளாறு என்று நினைத்தார். அடுத்த வளைவில் இன்னும் விழுந்தது. "இந்த மேட்ட யார் போட்டது?" என்று அவர் மெல்லிய குரலில் கேட்டார்.

திரும்பும்போது பொழுது சாய்ந்து, பனி இறங்கியிருந்தது. மனைவிக்கு வழக்கமான நடுக்கம் தொடங்கியது. கம்பளிகள் போதவில்லை. உருளை ஓட்டுநர் வாரியம் தந்த மேல்கோட்டைக் கழற்றி முன்னால் நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "ஹீட்டர் போடுங்க சார்," என்றார்.

"போட்டா வீடு போய்ச் சேராதுங்க."

"தெரியும்," என்றார் உருளை ஓட்டுநர். அவருடைய நீண்ட சர்வீஸில் இதுதான் முதல் சாலை, அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. சாவிக்காரருக்கு அப்போது தாங்க முடியாத ஆறுதல் வந்தது. தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு சாட்சி கிடைத்துவிட்டார். இனி வேன் வந்துவிடும் என்று அன்று மனைவியிடம் உறுதியாகச் சொன்னார்.

உருளை ஓட்டுநர் கண்டதைக் கண்டபடி வாரியக் கூட்டத்தில் சொன்னார். மேடு, குளிர், காற்று, சாவிக்காரர் மனைவியின் பல் சத்தம் எதையும் விடவில்லை. சாவிக்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். தலைமை மெய்ப்பிப்பாளர் எழுந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நம் ஓட்டுநரின் கடமையுணர்வு பாராட்டத்தக்கது," என்று ஆரம்பித்தார். "அவர் சொன்னதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அந்தச் சாலை வாரியத்தால் மெய்ப்பிக்கப்படாத சாலை. அதில் மலை இருக்கிறது. மலை நம் கணக்கில் வராது. மெய்ப்பிக்கப்படாத சாலையில் ஓடிய ஓட்டத்தை ஓட்டம் என்று ஏற்றுக்கொண்டால் நாளைக்கு மக்கள் எங்கே வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் இந்த வாரியம் எதற்கு? இந்தக் கூடம் எதற்கு? நாம் ஒரு எண்ணைத் தருகிறோம். மக்கள் அதை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டியது மக்களின் கடமை."

கைதட்டல் எழுந்தது. மலை ஏன் அங்கே இருக்கிறது என்று சாலைத் துறையிடம் விளக்கம் கேட்பது என்று தீர்மானமானது. துறை தொடங்குவதற்கு முன்பிருந்தே மலை அங்கே இருந்ததாகப் பிற்பாடு பதில் வந்தது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பதில் என்று வாரியம் அதைக் கண்டித்தது.

ஆனாலும் சாவிக்காரரின் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை வாரியம் மறக்கவில்லை. ஈவு இரக்கம் இல்லாதவர்கள் அல்ல. தலைமை மெய்ப்பிப்பாளர் சாவிக்காரரைத் தனியே அழைத்தார்.

"உங்க பிரச்சினைக்கு ஒரு நிரந்தரத் தீர்வு. உங்க வண்டிய இங்க கொண்டாந்து விடுங்க. உங்க வீட்டம்மாவ உக்காரவெச்சு, ஆஸ்பத்திரி தூரத்த முறைப்படி, மெய்ப்பிச்ச ஓட்டமா ஓட்டிக் காட்டுறோம். நோயாளிய ஏத்திக்க சிறப்பு அனுமதி நான் தரேன். வர்ற திங்கக்கெழம வெச்சுக்கலாம், பத்திரிகைக்காரங்க வருவாங்க. அந்த ஓட்டம் முடிஞ்சதும் உங்க கோரிக்கை முழுசாத் தீந்துடும்."

"அன்னைக்கு டயாலிசிஸ் நாளுங்களே. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு?"

"அதுக்குத்தானே போறீங்க," என்றார் தலைமை மெய்ப்பிப்பாளர்.

வேனையோ வேறு வண்டியையோ ஏற்பாடு செய்திருப்பார்கள் என்று சாவிக்காரர் புரிந்துகொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பார்கள்.

பாட்டரியில் கடைசிச் சொட்டு தீரும்வரை ஓட்டினால்தான் ஓட்டம் செல்லும் என்பது விதி. ஆகவே முந்தின நாளே காரை வாங்கி உருளைமேல் ஏற்றிவிட்டார்கள். உருளை ஓட்டுநர் ஓட்டிக்கொண்டே இருந்தார். விடிந்ததும் கடைசித் தவணையாக, ஆஸ்பத்திரி தூரம் மட்டும் மிச்சம் இருக்கும்போது, மனைவியை ஏற்றினார்கள்.

டயாலிசிஸ் இல்லாத வார இறுதி இடைவெளிக்குப் பின் வந்த நாள் அது. மனைவி கால்கள் வீங்கி, செருப்பு ஏறாமல் வெறுங்காலோடு வந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. நாலு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்க நிறுத்தினார். காருக்கு முன்னால் ஒரு வெள்ளைத் திரை கட்டி, அதில் ஒரு சாலையைப் படமாக ஓட்டினார்கள். நேரான, சமமான, மரங்கள் இருபுறமும் ஒரே உயரத்தில் நிற்கிற சாலை. சாவிக்காரரை விதிப்படி கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

கார் ஓடியது. சாவிக்காரர் தடுப்பில் நெற்றியை வைத்துக்கொண்டு மனைவியின் தோள்களைப் பார்த்தார். அவை மூச்சுக்காக ஏறி ஏறி இறங்கின. இந்நேரம் உண்மையில் கிளம்பியிருந்தால் முதல் வளைவைத் தாண்டியிருக்கலாம் என்று நினைத்தார். பிறகு, பாதி மலை ஏறியிருக்கலாம் என்று நினைத்தார். பிறகு நினைக்கப் பயமாக இருந்தது. தடுப்பைத் தட்டினார். குறைகேட்கும் அம்மா உதட்டில் விரல் வைத்து, அமைதி காக்கும்படி இனிமையாகக் கேட்டுக்கொண்டார்.

காரின் திரையில் எண் பூஜ்யத்தைத் தொட்டது. உருளைகள் நின்றன. மணி அடித்தார்கள். தலைமை மெய்ப்பிப்பாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்தத் தாய் இப்போது மலைமேல் உள்ள ஆஸ்பத்திரியை முறைப்படி சென்றடைந்துவிட்டார். ஹீட்டர் இல்லாமல், எந்த அலுப்பும் இல்லாமல். வண்டியைக் குறை சொன்னவர்களுக்கு வாரியம் தன் ஓட்டத்தால் பதில் சொல்லிவிட்டது."

கெட்டி அட்டையில் அச்சடித்த சென்றடைந்த சான்றை மனைவியின் கையில் கொடுத்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்.

மனைவி மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "காலமெல்லாம் தியேட்டர்ல டிக்கெட் குடுத்தவ நான். படத்துல ஊரப் பாத்துட்டு... அந்த ஊருக்கே போயிட்டு வந்துட்டேன்னு... இதுவரைக்கும் ஒருத்தனும் சொன்னதில்ல." பிறகு கணவரைப் பார்த்தார். "ஏங்க, நெஜ ஆஸ்பத்திரிக்கு எப்பங்க?"

சாவிக்காரர் தலைமை மெய்ப்பிப்பாளரிடம் ஓடினார். வண்டி எங்கே என்று கேட்டார்.

"எந்த வண்டி?"

"ஆஸ்பத்திரிக்குப் போற வண்டிங்க. என் கார்ல ஒண்ணுமே இல்ல, முழுசா ஓட்டித் தீத்துட்டீங்க. சார்ஜ் ஏற சாயங்காலம் ஆயிடும்."

"அவங்கதான் சென்றடைஞ்சுட்டாங்களே," என்றார் தலைமை மெய்ப்பிப்பாளர் நிஜமான குழப்பத்தோடு. "சென்றடைஞ்ச ஒருத்தர மறுபடி கொண்டுபோக விதி இல்லையே."

சாவிக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். நர்ஸ் எடுத்தார். "உங்க வீட்டம்மா வந்தாச்சுன்னு உருளை ஆபீஸ்ல இருந்து தகவல் வந்துச்சே சார். வார்டு முழுக்கத் தேடிட்டோம். ஆளக் காணோம், அதனால பெட்ட அடுத்தவங்களுக்குக் குடுத்துட்டோம். இன்னைக்குக் கடைசி ஷிப்டுல ஒரு பெட் காலியாகலாம். ஆகலாம்னுதான் சொல்றேன். எப்படியாச்சும் சீக்கிரம் வந்துடுங்க."

போனை வைத்ததும் அவர் கை இடுப்புக்குப் போனது. அங்கே கொத்தில் அந்தச் சாவி இருந்தது.

பின்கட்டுக் கொட்டகையில் தார்ப்பாயை விலக்கினார். உருளை ஓட்டுநர் மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பெட்ரோல் காரின் முன்சீட்டில் உட்காரவைத்தார். அவர் கண்கள் இரவு முழுதும் ஓட்டியதில் சிவந்திருந்தன.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றார். "ரொம்ப நல்லாத்தான் ஓட்டினேன்."

"தெரியும்பா," என்றார் மனைவி. "ஒரு குலுக்கல் இல்ல."

சாவிக்காரர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, வண்டி கிளப்பும் துவாரத்தில் சாவியை வைத்துவிட்டுத் தயங்கினார். தன் கட்டுப்பாடு நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தார். கூடத்தின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே காருக்குச் சொந்தக்காரர் மேடையில் நின்று, எரிபொருள் கார்களின் காலம் முடிந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தார். பக்கம் என்று சொல்லக்கூடிய தூரம்தான். சாவிக்காரர் சாவியைத் திருப்பினார். உருளை ஓட்டுநர் வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

வாரியம் இதுபற்றிப் புகார் எதுவும் கொடுக்கவில்லை. கொடுப்பதென்றால் தலைமை மெய்ப்பிப்பாளருக்கு அப்படி ஒரு கார் இருந்ததாக முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை இன்றுவரை யாரும் மெய்ப்பிக்கவில்லை.

மலைச்சாலையில் கார் உறுமிக்கொண்டு ஏறியது. மனைவியின் பக்கத்து ஜன்னல் முழுதாக மூடவில்லை, இடுக்கில் குளிர்காற்று வந்தது. அவர் கையிலிருந்த சான்றை நாலாக மடித்து இடுக்கில் செருகினார். கெட்டி அட்டை, நன்றாக அடைத்துக்கொண்டது. "இதுக்கு ஆச்சு," என்றார்.

இரண்டாவது வளைவில் சாவிக்காரரின் கை தானாகப் போய் ஹீட்டரை அணைத்தது. மனைவி அதைத் திரும்பப் போட்டார்.

"இது பெட்ரோல் வண்டிங்க. போட்டாலும் போய்ச் சேரும்."

"மறந்துட்டேன்."

அடுத்த மேட்டில் கை மறுபடியும் போனது. ஒரு குளிர்காலம் முழுக்க அவர் எதை அணைத்துப் பழகியிருந்தார் என்பதை அப்போதுதான் முழுசாக உணர்ந்தார். அந்தக் கையின் மேல் அவருக்கு அருவருப்பு வந்தது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தார்.

மனைவிக்குப் பேச மூச்சு இல்லை. வீங்கிய விரல்களால் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். சாவிக்காரர் ஒற்றைக் கையால் ஓட்டினார். மேலே படுக்கை காலியாக இருக்குமா என்று இருவருக்கும் தெரியாது. இன்னும் பாதி மலை இருந்தது.